சரிவுப் பாதைக்கு இடமில்லை, மேடையை விட்டு இறங்கினோம்

நாடகப் பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், முதல் நாள் முதல் பயிற்சி பெரும்பாலும் நடைதான். அறை முழுக்க நடங்கள், காலி இடத்தை நிரப்புங்கள், நான் கைதட்டினால் அப்படியே நில்லுங்கள். நானும் 7 வருடம் அதையே செய்துவந்தேன். பிறகு எங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அறிவித்தோம், 14 பேர் வந்தார்கள், அவர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்தேன். கைதட்டினேன். காது கேளாத ஒரு பெண் மற்றவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு அரை நொடி கழித்து நின்றார், ஒவ்வொரு முறையும். சக்கர நாற்காலியில் வந்தவருக்கு வழிவிடுவதாக நினைத்து எல்லோரும் விலகி விலகிப் போனதில் அவரைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய காலியிடம் கூடவே நகர்ந்துகொண்டிருந்தது. பார்வையற்ற பெரியவர் ஒருவர், "நான் ஓரமா உட்கார்ந்துக்கிறேன்மா, நீங்க செய்யுங்க" என்றார். அப்படிச் சொல்லி அவருக்கு நிறையப் பழக்கம் இருந்தது குரலிலேயே தெரிந்தது.

கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே நடந்த எல்லாமே கண்ணும் காதும் காலும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களுக்காக யோசித்தவை. அன்றைக்கு அதை நான் அவர்களுடைய சிரமம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பயிற்சியின் கோளாறு என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

புரியவைத்தது அந்தக் காது கேளாத பெண்தான். மூன்றாவது வகுப்பில் நான் கைதட்டக் கையெடுப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார், முழங்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார், என்னைக் காலால் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார். பலகைத் தரை அது. ஒரு தட்டுத் தட்டினேன், தலையை ஆட்டினார். அறையின் மறுகோடிக்குப் போய்த் தட்டச் சொன்னார், தட்டினேன், திரும்பவும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் குழுவில் கைதட்டல் கிடையாது, தரையைத் தட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் குறிப்பு. ஒன்று சொல்லிவிடுகிறேன், சிமென்ட் தரையில் இது வேலை செய்யாது, அதிர்வு போகாது, அங்கே விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவதுதான் வழி. (ஆனால் விளக்கைப் படபடவென்று அடிக்க வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும்.)

அப்புறம் வார்த்தைகளை மாற்றினேன். "நடங்கள்" என்பது "நகருங்கள்" ஆனது, "நில்லுங்கள்" என்பது "நிறுத்துங்கள்" ஆனது. சின்ன விஷயமாகத் தெரியும். சக்கர நாற்காலிக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார், "நீங்க 'நகருங்க'னு சொன்ன அன்னைக்குத்தான் அக்கா என்னையும் சேர்த்துப் பேசுறீங்கனு தோணுச்சு" என்று. பெரியவருக்காக, நகரும்போது ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஓசையை விடாமல் எழுப்ப வேண்டும் என்று வைத்தோம். ஒருவர் விரலைச் சொடுக்குவார், ஒருவர் முனகுவார், சக்கர நாற்காலிக்காரர் சக்கரத்தின் விளிம்பில் மோதிரத்தால் தட்டுவார். நாலு வகுப்பில் பெரியவர் யார் எங்கே எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கண் தெரிகிற நாங்களும் முதல்முறையாக ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தோம். அந்தப் பயிற்சிதான் பிற்பாடு எங்கள் நாடகத்தின் முதல் காட்சியே ஆனது, அதை யாரும் "எழுதவில்லை".

நான் சொல்ல வந்ததும் இதைத்தான். ஒருவருக்காகச் செய்யும் ஏற்பாட்டை நாடகம் தயாரான பிறகு மேலே ஒட்டினால் ஒட்டாது. முதல் நாளே உள்ளே வந்துவிட்டால் நாடகமே அதிலிருந்து முளைக்கும். பிரிட்டனில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களே முன்னின்று நடத்தும் கிரேயே நாடகக் குழு 1980இல் தொடங்கியது. சைகை மொழி, பார்வையற்றவர்களுக்கான காட்சி விவரிப்பு, திரையில் ஓடும் வசனம் எல்லாவற்றையும் நாடகத்தின் அழகியலாகவே அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இதை நான் படித்துக் கற்றிருக்கலாம். படிக்கவில்லை, என் குழுவிடமிருந்து மெதுவாகத்தான் கற்றேன்.

சேரும்போது கொடுக்கும் படிவத்தில் முதலில் "உங்களுக்கு ஏதாவது குறைபாடு உண்டா?" என்று கேட்டிருந்தேன். பாதிப்பேர் "இல்லை" என்று எழுதிவிட்டு, பிறகு சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, "இந்த அறையில் நன்றாக வேலை செய்ய உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மாற்றினேன். எல்லோருக்கும் அதே கேள்விதான், நானும் வட்டத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன், எனக்கு மூட்டுவலி, தரையில் நீண்ட நேரம் உட்கார முடியாது என்று. அதன்பிறகுதான் மற்றவை வந்தன. ஒருவருக்குத் தொடுவது பிடிக்காது, கேட்டுவிட்டுத் தொட வேண்டும். ஒரு தாய்க்கு 7 மணிக்குக் கிளம்பியாக வேண்டும், முக்கியமானதைக் கடைசியில் வைத்தால் அவருக்கு அது கிடைக்காது. ஒருவர் எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார், தனக்குப் படிக்க வராது என்று. மனிதரின் உடலில் குறை தேடாமல் சுற்றியிருக்கும் தடையைத் தேடு என்பதைத்தான் 1970களில் பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முன்வைத்தது. அங்கே பல கலைஞர்கள் தங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதைத் தாளில் எழுதி, வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கெஞ்ச வேண்டியதில்லை. எங்கள் குழுவிலும் இப்போது எல்லோருக்கும் அப்படி ஒரு தாள் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம், ஏனென்றால் தேவைகள் மாறும்.

படிக்கத் தெரியாதவர் விஷயத்துக்கு வருகிறேன். நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. முதல் ஒத்திகை என்றால் வட்டமாக உட்கார்ந்து பிரதியை உரக்க வாசிப்பது என்று எல்லோரும் வைத்திருக்கிறோம். அது நடிப்பே இல்லை, வாசிப்புத் தேர்வு. எழுத்துகள் குழம்புகிறவர், பள்ளிக்கூடம் போகாதவர், திக்குகிறவர், எழுத்தைக் கண்ணால் பார்க்க முடியாதவர் எல்லோரும் அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். நாங்கள் வாசிப்பையே நிறுத்திவிட்டோம். காட்சியின் சூழ்நிலையை மட்டும் சொல்வேன், அவர்கள் நடித்துப் பார்ப்பார்கள், நல்ல வரிகளை ஒருவர் குறித்துக்கொள்வார், நாலைந்து முறைக்குப் பிறகு வசனம் உறுதியாகும். உறுதியான வசனத்தைக் குரலில் பதிவுசெய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்புவோம், எதிர்க் கதாபாத்திரத்தின் வரிகள் மட்டும் பேசப்பட்டு, உங்கள் வரிக்கு இடம் விட்டிருக்கும் ஒரு பதிவும் சேர்த்து. படிக்கத் தெரியாத அந்த மனிதர்தான் குழுவிலேயே முதலில் வசனத்தை மனப்பாடம் செய்து முடிப்பவர். ஆஸ்திரேலியாவில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் என்ற குழுவில் அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள நடிகர்கள் இப்படித்தான் கூடி முயன்று பார்த்துத் தங்கள் நாடகங்களை உருவாக்குகிறார்கள், அவர்களுக்கு 2022இல் நாடகத்துக்கான சர்வதேச இப்சன் விருது கிடைத்தது. பிரதி முன்கூட்டியே இருந்தால்தான் தரம் வரும் என்று வாதிடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி என் பெரிய தவறு. கண்ணைக் கட்டிக்கொண்டு அறையில் நடக்கும் பயிற்சி பல பட்டறைகளில் உண்டு. "பார்வையற்றவர்களின் உலகத்தை உணரலாம்" என்று சொல்லி நானும் அதை நடத்தினேன், பெரியவர் அங்கே இருக்கும்போதே. பத்து நிமிடம் கழித்து எல்லோரும் கட்டை அவிழ்த்தார்கள், ஒரு பெண் அழுதுகொண்டே "எவ்வளவு பயமா இருந்துச்சு, எப்படித்தான் வாழ்றீங்களோ" என்று பெரியவரைப் பார்த்துச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஏம்மா, நீ பார்த்தது முதல் பத்து நிமிஷத்தை. எனக்கு இது முப்பது வருஷம். எனக்குப் பயமே கிடையாது, எனக்கு ரோடு தெரியும், ஆள் தெரியும், மழை வரப்போறது தெரியும். உனக்குத் தெரிஞ்சது இருட்டு மட்டும்தான்."

அதன்பிறகு அந்தப் பயிற்சியை அந்தப் பெயரில் செய்ததே இல்லை. கண்ணைக் கட்டுவது கேட்கும் திறனுக்கான பயிற்சியாக இருக்கலாம், நம்பிக்கைக்கான பயிற்சியாக இருக்கலாம், இன்னொருவருடைய வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் உணர்வதாகச் சொல்லிச் செய்யாதீர்கள். அதில் இரக்கம்தான் மிஞ்சும், இரக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவரோடு சமமாக நடிக்க முடியாது. சக்கர நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்து பார்ப்பது, காதில் பஞ்சு வைத்துக்கொள்வது எல்லாமே எனக்கு இந்தக் கணக்குதான்.

பெரியவர் மேடையில் தானாக நடமாட வேண்டும் என்று கேட்டார், யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் கூடாது. தரைவிரிப்புக்கு அடியில் கயிறு பதித்தோம். முதலில் மெல்லிய கயிறு, காலுக்குத் தெரியவில்லை. பிறகு சுண்டுவிரல் தடிமனில் ஒன்று, தெரிந்தது, ஆனால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் இடித்து நின்றது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள், நான் தலையிடவில்லை. சக்கரம் குறுக்கே போகும் மூன்று இடங்களில் மட்டும் கயிற்றை வெட்டி எடுத்துவிடலாம், அந்த இடைவெளியே பெரியவருக்கு "இங்கே சக்கரம் வரும், கவனம்" என்ற அடையாளமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு இது தோன்றியிருக்காது. ஒருவருக்கான ஏற்பாடு இன்னொருவருக்குத் தடையாவது அடிக்கடி நடக்கும், அப்போது இயக்குநர் தீர்ப்புச் சொல்லப் போகாமல் அந்த இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தால் போதும்.

சரி, மேடை. எங்களுக்குக் கிடைத்த அரங்கில் மேடை 2 அடி உயரம். சரிவுப் பாதை போட வேண்டும் என்றதும் அரங்கின் ஆட்கள் ஒரு பலகையைச் சாய்த்துப் போடலாம் என்றார்கள். அப்படிப் போடக் கூடாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழலாம், இறங்கும்போது கட்டுப்பாடு போகலாம். ஆக எங்களுக்கு 24 அடி வேண்டும், அங்கே அவ்வளவு இடம் இல்லை. நாலு பேர் தூக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சக்கர நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்தேன், பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தன் காட்சிக்குத் தானே வர முடியாத நடிகர் எப்படி அந்தக் காட்சிக்குச் சொந்தக்காரர் ஆவார்? அன்று இரவு மேடையை விட்டுவிட முடிவுசெய்தோம். நாற்காலிகளை எல்லாம் நகர்த்திவிட்டு, அரங்கின் தரையிலேயே நடுவில் ஆடுகளம், மூன்று பக்கமும் பார்வையாளர்கள். நடிகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே இரண்டு கை தூரம்தான். எங்கள் நாடகத்துக்கு அதுதான் சரியான வடிவம் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது, சக்கரத்தில் மோதிரம் தட்டும் ஓசை கடைசி வரிசைவரை கேட்டது. அரங்கு தேடுகிறவர்கள் சில அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கதவு 90 சென்டிமீட்டர் அகலம், நாற்காலி முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் இடம். முதலில் கழிவறையைப் போய்ப் பாருங்கள். மேடையை எப்படியாவது சரிசெய்துவிடலாம், கழிவறைக்குள் நாற்காலி போகவில்லை என்றால் ஒத்திகை முழுக்க ஒருவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பார், உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

சைகை மொழிபெயர்ப்பில் நிறையத் தடுமாறினோம். முதல் நிகழ்ச்சிக்கு மொழிபெயர்ப்பாளரைக் கடைசி வாரத்தில்தான் அழைத்தோம், ஓரத்தில் தனி வெளிச்சத்தில் நிற்கவைத்தோம். காது கேளாத பார்வையாளர்கள் இரண்டு மணி நேரமும் டென்னிஸ் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், ஓரத்தைப் பார்த்தால் நடிப்பு போகும், நடிப்பைப் பார்த்தால் வசனம் போகும். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, பேச்சு மொழியைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது அல்ல அது. அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் பேசுவது ஒரே ஆங்கிலம், அவர்களுடைய சைகை மொழிகளோ ஒருவருக்கொருவர் புரியாத அளவுக்கு வேறு வேறு. அதனால் ஒரு வசனத்தைச் சைகைக்குக் கொண்டுபோவது முழு மொழிபெயர்ப்பு வேலை, அதற்கு வாரங்கள் வேண்டும், காது கேளாதவர் ஒருவரே அதை வழிநடத்த வேண்டும். அடுத்த நாடகத்தில் முதல் ஒத்திகையிலிருந்தே மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் மூளை களைத்துத் தவறு வரும். ஒரு கதாபாத்திரத்தையே இரண்டு பேருக்குப் பிரித்தோம், காது கேளாத பெண் சைகையில் பேசுவார், இன்னொரு நடிகை அதே பாத்திரத்தின் குரலாகக் கூடவே இருப்பார். காது கேளாத நடிகர்கள் நடிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸின் டெஃப் வெஸ்ட் குழு 2015இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இப்படி ஒரு இசைநாடகத்தை நடத்தியது. எங்கள் நாடகத்தில் ஒரு சண்டைக் காட்சியில் கைகள் நின்ற பிறகும் குரல் பேசிக்கொண்டே இருக்கும், அவர் திரும்பித் தன் குரலைப் பார்ப்பார். அந்த இடத்தில் அரங்கில் யாரும் அசையவில்லை.

வெளிச்சம் பற்றி ஒரு வரி. காட்சி மாற்றத்துக்கு முழு இருட்டு போடும் பழக்கத்தை விடுங்கள், இருட்டில் சைகை மொழி கிடையாது. மங்கலான நீலமாவது இருக்கட்டும், கைகளுக்குப் பின்னால் கோடுபோட்ட சட்டையும் வேண்டாம்.

இனி, சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மிகவும் வலித்த ஒன்று. ஒத்திகை முடிந்ததும் எல்லோருக்கும் குறிப்புகள் சொல்வேன், இந்த வரியில் மூச்சு போதவில்லை, இங்கே அவசரப்பட்டாய் என்று. ஒருநாள் காது கேளாத பெண் எழுந்து சைகையில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் குரலில் வந்தது: "எல்லாருக்கும் என்ன தப்புனு சொல்றீங்க. எனக்கு மட்டும் 'ரொம்ப நல்லா இருந்துச்சு'னு சொல்லி முடிச்சிடுறீங்க. ஆறு மாசமா எனக்கு நீங்க எதுவுமே சொல்லித்தரல அக்கா." எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அது அவருக்கு உதவாது என்று அடக்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் சைகை நடிப்பில் எது நல்லது, எது மோசம் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை மறைக்கப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன், அனுபவமுள்ள காது கேளாத நடிகர் ஒருவரை உதவி இயக்குநராகக் கூப்பிட்டோம், அவர் முதல் நாளே அந்தப் பெண்ணுக்கு 11 குறிப்புகள் கொடுத்தார். அன்றைக்குத்தான் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

பாத்திரத் தேர்வில் எங்களுக்கு ஒரே ஒரு விதி. குறையை ஒரு குறியீடாக வைத்து எழுத மாட்டோம். பார்வையற்றவர் என்றால் ஞானி, நடக்க முடியாதவர் என்றால் பாவம் செய்தவர் அல்லது தியாகி, கடைசிக் காட்சியில் எழுந்து நடப்பவர், இதெல்லாம் பார்வையாளர்களுக்குச் சுலபம், அந்த உடலோடு வாழ்கிறவர்களுக்கு அவமானம். எங்கள் நாடகத்தில் சக்கர நாற்காலிக்காரர் ஏமாற்றுக்கார வீட்டுத் தரகராக வந்தார், நாற்காலியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பாத்திரத்தை அவர்தான் கேட்டு வாங்கினார், நல்லவனாக நடித்துச் சலித்துவிட்டது என்றார்.

நிகழ்ச்சி நாளில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்குவதற்கு அரைமணி முன்னால் பார்வையற்ற பார்வையாளர்கள் ஆடுகளத்துக்குள் வந்து பொருள்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், நடிகர்கள் தங்கள் குரலில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். நாடகத்தைப் போடும் நாட்களில் ஒரு நிகழ்ச்சியாவது இறுக்கமில்லாத நிகழ்ச்சியாக வைப்போம்: அரங்கின் விளக்குகள் பாதி எரியும், திடீர் ஓசைகளின் அளவு குறையும், எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம், சத்தம் போட்டால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். இது ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கியது, எங்களுக்கோ கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்களும் முதுகுவலிக்காரர்களும் அந்த நிகழ்ச்சிக்குத்தான் வருகிறார்கள். செலவு ஆகும், மறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஊதியத்தைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள். கடைசி வரியில் எழுதினால் பணம் குறையும்போது முதலில் அடிபடுவது அதுதான்.

இவ்வளவு செய்தும் ஒருவரை இழந்தோம். ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞர், அபாரமான நினைவாற்றல், மற்றவர்களின் நடையை அச்சு அசலாகச் செய்து காட்டுவார். மூன்று வகுப்புக்குப் பிறகு வரவில்லை. தொடுவதில்லை, சத்தம் குறைவு, ஒதுங்கி உட்கார ஒரு மூலை, எல்லாம் ஏற்பாடு செய்திருந்தோமே என்று எனக்குக் குழப்பம், கொஞ்சம் வருத்தமும். இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்காவிடம் பேசியபோதுதான் தெரிந்தது, அறையின் இரண்டு டியூப் லைட்டுகள் ரீங்காரம் போடுகின்றனவாம், அது காதுக்குள்ளேயே கேட்கிறதாம். நான் போய் நின்று கேட்டேன். எல்லோரும் அமைதியாக இருந்தபோது எனக்கும் கேட்டது, 5 வருடமாக அந்த அறையில் இருக்கிறேன்.

விளக்குகளை மாற்றிவிட்டோம். மாற்றிய அறையை நாலு பக்கமும் படம் எடுத்து, அமைதியான அறையில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவும் செய்து அவருக்கு அனுப்பினேன். ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டாராம். வருவதாக இன்னும் சொல்லவில்லை. அவர் உட்காரும் மூலையில் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது, யாரும் அதை நகர்த்துவதில்லை.